எடுத்துரைத்தலும் எண்ணியுரைத்தலும்
(சிலப்பதிகாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு)

1. வினா

ஆங்கிலத்தில் ‘ரீகவுண்ட்’ என்றொரு சொல் உண்டு. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எடுத்துச் சொல்லுதலை அது குறிக்கும். ஒருமுறை எண்ணியதை ஐயம் நீங்க மீண்டும் எண்ணுதலையும் குறிக்கும். இதற்குத் தமிழில் நேரான சொல் யாது என வினவினால், உரைத்தல், கூறல், இயம்பல், விளம்பல், பகர்தல், நுவலல், மொழிதல், செப்பல், சாற்றல், பன்னுதல் எனப் பல சொற்களை அடுக்கலாம். மீண்டும் எண்ணுதல் என்னும் பொருளுக்கோ ‘மறு எண்ணிக்கை’ என்னும் தொடரையன்றி வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை. ஒன்றுக்குச் சொற்கள் மிகுதி; மற்றொன்றுக்குச் சொல்லே அருமை.

ஒருபொருட் பன்மொழி என ஒரு வரிசையில் நிறுத்தப்படும் இச்சொற்கள் மெய்யாகவே ஒரே பொருளனவா என்பது முதல் வினா. நிகழ்ந்ததை மீளச் சொல்லுதற்கும் கணக்கை மீளப் பார்த்தற்கும் தமிழ் மரபில் தொடர்பு ஏதும் உண்டா என்பது இரண்டாம் வினா. இவ்விரண்டும் சொல்லாய்வளவில் நிற்பன அல்ல. சிலப்பதிகாரத்தில் ஒரே நிகழ்ச்சி பலர் வாயிலாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றது. அம்மறுகூற்றுகளை மிகையென ஒதுக்குவாரும், காப்பியத்தைச் சுருக்கும்போது முதற்கண் அவற்றையே நீக்குவாரும் உளர். அவ்வாறு நீக்குவது தகுமா என்பதற்கு விடை காண்பதற்கே மேற்கூறிய இரு வினாக்களும் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. எண்ணும் சொல்லும்: பிறமொழி வழக்கு

எண்ணுதலையும் சொல்லுதலையும் ஒரே சொல்லாற் குறிப்பது ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. மேற்குறித்த சொல் பழைய பிரெஞ்சு மொழியினின்று வந்தது. கணக்கிடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையொன்றே பிரெஞ்சில் எண்ணுதற்கு ஒரு வடிவமும் கதை சொல்லுதற்கு ஒரு வடிவமுமாகக் கிளைத்தது. ‘சொல்’ என்னும் பொருளில் இன்று வழங்கும் ‘டெல்’ என்னும் ஆங்கில வினைக்கும் பழங்காலத்தில் எண்ணுதற்பொருள் இருந்தது. வங்கியிற் பணம் எண்ணிக் கொடுப்பவரை ‘டெல்லர்’ என வழங்குவது அதன் எச்சமாகும். செருமானிய மொழியில் எண்ணுதல் ‘ட்சேலன்’. கதை சொல்லுதல் ‘எர்ட்சேலன்’. எபிரேய மொழியிலும் ஒரே வேர் இவ்விரு பொருளையும் தருகின்றது. வடமொழியில் எண்ணைக் குறிக்கும் ‘சங்கியை’ என்பதும், கதையைக் குறிக்கும் ‘ஆக்கியானம்’ என்பதும், உரையைக் குறிக்கும் ‘வியாக்கியானம்’ என்பதும் ‘க்யா’ என்னும் ஒரே தாதுவிற் பிறந்தவை.

வெவ்வேறு குடும்பத்தைச் சார்ந்த மொழிகளிலும் இவ்வுறவு காணப்படுதலின், இதனை ஒரு மொழியின் தற்செயல் எனத் தள்ளுதல் இயலாது. நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக, விடுபடாமல், வரிசை மாறாமல் நிறுத்துவதே கதை சொல்லுதல் என மக்கள் கருதினர் போலும். ஆடுகளை எண்ணுகின்றவன் ஒன்றை விட்டால் கணக்குப் பிழைபடும். கதை சொல்லுகின்றவன் ஒரு நிகழ்ச்சியை விட்டால் கதை பிழைபடும்.

3. தமிழ்ச் சொற்களின் இயல்பு

தமிழில் நிலைமை வேறு. ‘எண்’ என்னும் சொல் சொல்லுதலை நோக்கிச் செல்லாமல் சிந்தித்தலை நோக்கிச் சென்றது. எண்ணுதல் கணக்கிடுதலுமாம், கருதுதலுமாம். எண்ணிக்கையும் எண்ணமும் ஒரே அடியிற் பிறந்தவை. ‘மதி’ என்பதும் அத்தகையதே. அது மதிப்பிடுதலைக் குறிப்பதோடு அறிவையும் குறிக்கின்றது. கணிப்பவன் கணியன், நாளையும் கோளையும் எண்ணுபவன் வருவதை அறிபவனாகவும் கருதப்பட்டான். ஆகவே தமிழில் எண்ணுதல் வாயின் தொழிலாகாது உள்ளத்தின் தொழிலாயிற்று எனலாம்.

சொல்லுதலைக் குறிக்கும் சொற்களோ வேறு துறைகளிற் பரவிக் கிடக்கின்றன. அறைதல், பறைதல், இசைத்தல், இயம்பல் ஆகியன ஒலியோடு தொடர்புடையன. பகர்தல் சொல்லுதலையும் விற்றலையும் குறிக்கும். பண்டை வணிகர் பகர்நர் எனப்பட்டனர். விளம்பல் சொல்லுதலையும் உணவு பரிமாறுதலையும் குறிக்கும்; பிற்பொருள் நாஞ்சில் நாட்டு வழக்கிலும் மலையாளத்திலும் இன்றும் உயிரோடு உள்ளது. கூறு என்பது பெயராகுங்கால் பங்கு எனப் பொருள்படும். வினையாகுங்கால் சொல் எனப் பொருள்படும். உரைத்தல் சொல்லுதலையும் தேய்த்தலையும் குறிக்கும். பொன்னைத் தேய்த்து மாற்று அறியும் கல் உரைகல் ஆயிற்று.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். கூறு என்னும் பெயரும் கூறு என்னும் வினையும், சொல்லுதற்பொருளில் வரும் உரையும் தேய்த்தற்பொருளில் வரும் உரையும் ஒரே வேரின என்று ஒலியொப்புமை ஒன்றே கொண்டு துணிதல் ஆகாது. வேர் வேறாயினும் வடிவம் ஒன்றாய் அமைதல் எம்மொழியிலும் இயல்பு. ஆதலின் இக்கட்டுரையின் முடிபு வேர்ச்சொல்லாய்வின் மேல் நிறுத்தப்படவில்லை. வழக்கின் மேலேயே நிறுத்தப்படுகின்றது.

வழக்கை நோக்கின், இச்சொற்களுக்கிடையே வேறுபாடு தெளிவாகும். செப்பு என்பது தொல்காப்பியத்தில் வினாவிற்கு இணையாக வைக்கப்பட்ட சொல். கேட்டார்க்கு விடை கூறுதல் அது. கழறல் என்பது அகப்பொருளில் பாங்கன் தலைவனை இடித்துரைத்தற்குப் பெயர். சாற்றுதல் பலரறியச் சொல்லுதல். பன்னுதல் ஆராய்ந்து சொல்லுதலையும் திரும்பத் திரும்பச் சொல்லுதலையும் குறிக்கும். இன்றும் துயருற்றார் ஒன்றையே சொல்லி அழுங்கால் பன்னிப் பன்னி அழுதார் என்கின்றோம். பஞ்சைப் பன்னுதல் என்னும் தொழில் வழக்கும் உண்டு. சிக்குண்ட பஞ்சை இழைக்கத்தக்கதாக்குதல் போலச் சிக்குண்ட செய்தியை மீண்டும் மீண்டும் பிரித்துச் சொல்லுதல் பன்னுதல் ஆகின்றது.

ஆங்கிலச் சொல்லின் இரு பொருளுக்கும் தமிழில் மிக அணுக்கமாக நிற்பது ‘ஒப்புவித்தல்’ என்னும் சொல்லே எனத் தோன்றுகின்றது. மாணவன் ஆசிரியர்முன் பாடத்தை ஒப்புவிக்கின்றான். கணக்கன் உடையவனிடம் கணக்கை ஒப்புவிக்கின்றான். இரண்டிடத்தும் சொல்லப்படுவது புதிய செய்தியன்று. கேட்பவர் முன்னரே அறிந்ததும், அறிந்ததனோடு ஒத்துப் பார்க்கக்கூடியதுமான ஒன்றே மீளச் சொல்லப்படுகின்றது. சொல்லுதலின் பயன் செய்தி அறிவித்தலில் இல்லை. ஒப்பு நோக்குதலில் உள்ளது.

நிகண்டாசிரியர்கள் இவ்வேறுபாடுகளை அறியாதவர் அல்லர். சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளை உடையது. அவற்றுள் முதற் பத்தும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுப்பன. 11ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது. 12ஆம் தொகுதி பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயர், அஃதாவது தொகையாக எண்ணப்படுவனவற்றை எண்ணிக் காட்டுவது. சொல்லைத் தொகுத்த நூலே இறுதியில் எண்ணிக் காட்டி முடிகின்றமை நோக்கத்தக்கது. மனனம் செய்தற்கு எளிதாகச் சொற்களை ஓரிடத்துச் சேர்த்தல் நிகண்டின் நோக்கம். அச்சேர்க்கையைச் சமன்பாடாகக் கொண்டது பிற்காலத்தார் பிழை. நிகண்டு சொல்லுலகிற்கு வாயில். வாயிலிலேயே நின்றுவிடுவார்க்கு மனையினுள் இருப்பது தெரியாது.

4. கூறியது கூறல் குற்றமாவது எப்பொழுது?

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து எனத் தொல்காப்பிய மரபியல் வகுக்கின்றது. கூறியது கூறல் அவற்றுள் ஒன்று. நன்னூலும் இதனை ஏற்றுக்கொண்டது. இவ்விதியை மனத்துட் கொண்டே காப்பியத்தின் மறுகூற்றுகளைக் குறை கூறுவார் குறை கூறுகின்றனர்.

ஆயின் அதே மரபியல் வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்கு நெறிகளையும் வகுக்கின்றது. இந்நான்கும் முன்னர்ச் சொல்லப்பட்டதை மீளச் சொல்லுதலே. மீளச் சொல்லுதல் முழுதும் குற்றமாயின் வழிநூல் என்னும் வகையே இலக்கணத்தில் இடம் பெறாது. ஆகவே விதியின் உள்ளக்கிடை ஆராய்தற்குரியது. முன்பு சொன்ன சொல் பின்பு வரும்போது பொருளில் ஏதும் கூடாமலும் குறையாமலும் நிற்குமாயின் அது கூறியது கூறல். சொல் மீளுங்கால் ஒன்று கூடினாலும், ஒன்று குறைந்தாலும், நின்ற முறை மாறினாலும், கேட்பவர் வேறாயினும் அது குற்றத்தின் நீங்கும்.

இதனையே கணக்கு வழியாகவும் சொல்லலாம். ஐயமில்லாத இடத்தில் மீண்டும் எண்ணுதல் வீண்வேலை. ஐயம் எழுந்த இடத்தில் மீண்டும் எண்ணாமை குற்றம். எனவே ஒரு மறுகூற்றைக் கண்டவிடத்துத் திறனாய்வாளன் கேட்க வேண்டியது, இது முன்னரே சொல்லப்பட்டதா என்னும் வினாவன்று. இதனைச் சொன்ன பின்னர்க் கணக்கு மாறிற்றா என்னும் வினாவே. இவ்வளவுகோலைக் கொண்டு சிலப்பதிகாரத்தை அளந்து பார்த்தல் தகும்.

5. சிலப்பதிகாரத்தில் மறுகூற்றுகள்

காப்பியத்தின் முப்பது காதைகளுள் மூன்று தம் பெயரிலேயே ‘உரை’ என்னும் சொல்லைக் கொண்டுள்ளன: கனாத்திறம் உரைத்த காதை, வழக்குரை காதை, கட்டுரை காதை. முதலாவதில் உரைக்கப்படுவது கனவு, இரண்டாவதில் வழக்கு, மூன்றாவதில் பழம்பிறப்பும் பழைய வழக்குகளும். இனி வருவதும், இப்போது நேர்ந்ததும், முன்பு நடந்ததும் ஒரே சொல்லாற் குறிக்கப்படுகின்றன. மூன்றிடத்தும் ஒரு செய்தி மெய்யா பொய்யா எனத் தேய்த்துப் பார்க்கப்படுகின்றமையும் காணலாம்.

(அ) இரு பத்திக் கணக்கு

அடைக்கலக் காதையில், மதுரைப் புறஞ்சேரியிற் கோவலனைக் காணும் மாடல மறையோன் அவன் முன்பு செய்த நற்செயல்களை அவனுக்கே எடுத்துரைக்கின்றான். மகளுக்கு மணிமேகலை எனப் பெயரிட்ட நாளில் பொன் வழங்கியது, யானையின் பிடியினின்று முதிய மறையோனை மீட்டது, கீரியைக் கொன்ற பழியால் கணவனைப் பிரிந்த பார்ப்பனிக்குப் பொருள் தந்து அவள் துயர் தீர்த்தது, பொய்க்கரி புகன்றவனைப் பூதம் பற்றியபோது தன்னுயிரை ஈடாகத் தர முற்பட்டதும் பின்னர் அவன் சுற்றத்தைப் புரந்ததும் என அவை வரிசைப்படுகின்றன. கேட்பவன் அறியாத செய்தி இவற்றுள் ஒன்றுமில்லை, செய்தவனே அவன். பின் எதற்காக இவை சொல்லப்படுகின்றன? அடுத்த காதை கொலைக்களக் காதை. கள்வன் என்னும் ஒரு சொல்லால் ஒருவன் வாழ்வு முடிக்கப்படுவதற்கு முன்னே அவன் வரவுக் கணக்கு முழுதும் ஒப்புவிக்கப்படுகின்றது.

மாடலன் சொல்லாது விட்டதும் உண்டு. கண்ணகியைப் பிரிந்த பிழை அவன் பட்டியலில் இல்லை. அப்பத்தியைக் கோவலனே நிரப்புகின்றான். கொலைக்களக் காதையில் அவன் கண்ணகியிடம் தான் தீயோருடன் கூடித் திரிந்ததையும், முதியோர் சொல் மறந்ததையும், அவளுக்குச் சிறுமை செய்ததையும் தானே எடுத்துரைக்கின்றான். வரவைப் பிறன் சொல்ல, செலவைத் தான் சொல்லுகின்றான். இரண்டும் நிறைந்த பின்னரே அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவை நோக்கிச் செல்கின்றான்.

(ஆ) பொய்யெண்

எண்ணி எண்ணிச் சொல்லப்படுவன எல்லாம் மெய்யாகிவிடுமா? ஆகா என்பதற்கும் அக்காதையே சான்று. கொல்ல வந்த காவலர் கோவலனை நோக்கி, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என ஐயுறுகின்றனர். மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டிய தருணம் அது. உடனே பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று தொடங்கி, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என ஒவ்வொன்றாக எண்ணி விளக்குகின்றான். காப்பியத்தில் மிக ஒழுங்காக அமைந்த எண்ணுரைகளுள் இஃது ஒன்று; பொய்க்குத் துணைநிற்பதும் இதுவே. தொகையும் வகையும் வரிசையும் பிறழாத பேச்சு, கேட்பவரின் ஐயத்தை அடக்கிவிடுகின்றது. நூற்கல்வியின் வடிவத்தையே பொய் தனக்கு ஆடையாக உடுத்துக்கொள்கின்றது. எண்ணுரையில் வல்லவராகிய நாம் அஞ்ச வேண்டிய இடம் இது.

அரசன் பிழையும் இங்கேயே அமைந்தது. பொற்கொல்லன் ஒருமுறை சொன்னதை அவனும் ஒருமுறையே கேட்டான். கோவலனை அழைத்துக் கேட்கவில்லை. சிலம்பை வருவித்து அரசியின் சிலம்போடு ஒப்பு நோக்கவில்லை. அவன் கொடுங்கோலன் என்பதற்குக் காப்பியத்தில் வேறு சான்று இல்லை. மறுமுறை எண்ணாமை ஒன்றே அவன் செய்த பிழை.

(இ) வழக்குரை

வழக்குரை காதையிற் கண்ணகி செய்வது, அரசன் செய்யாது விட்ட அம்மறு எண்ணிக்கையே. தன் ஊர், அவ்வூரில் முறை செய்த சோழ மன்னர் இருவர், தன் கணவனின் குடி, அவன் பெயர், மதுரைக்கு வந்த காரணம், சிலம்பு விற்கப் புகுந்தமை, கொலையுண்டமை எனக் கதை முழுவதும் சில அடிகளில் அடங்குகின்றது. படிப்பார் அறியாத செய்தி இதில் யாதுமில்லை. கூறியது கூறல் என்னும் விதியை எழுத்தளவிற் கொள்வார் இப்பகுதியையும் நீக்கவேண்டும். நீக்கத் துணிவார் ஒருவருமிலர். முன்பு காப்பியக் கூற்றாக வந்த கதை இங்கு அரசவையிற் சான்றாக வருகின்றது, கேட்பவன் மாறினான், கதையின் தொழிலும் மாறிற்று.

ஆயினும் கதை சொன்னமையால் மட்டும் தீர்ப்பு மாறவில்லை என்பது மறக்கத்தக்கதன்று. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் ஆகாது என்றே அரசன் விடை தருகின்றான். அதன்பின் கண்ணகி தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் என்கின்றாள். அரசன் தம்முடையது முத்து என்கின்றான். சிலம்பு உடைகின்றது, மணி தெறிக்கின்றது, கணக்கு மாறுகின்றது. எடுத்துரைத்தலும் எண்ணிப் பார்த்தலும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதை இதனினும் தெளிவாக வேறெக்காட்சியும் காட்டாது. சொல் வழக்கைத் தொடங்கி வைத்தது. மணி வழக்கை முடித்து வைத்தது.

(ஈ) கட்டுரை காதை

மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் உரைப்பனவற்றைப் பலரும் நீளமான இடைப்பிறவரல் எனக் கருதுவர். பாண்டியர் குலப்பெருமை பேசுதற்குப் புகுத்தப்பட்டன என்பாரும் உளர். நம் அளவுகோலைக் கொண்டு இவற்றை நோக்குவோம்.

தெய்வம் உரைப்பனவற்றுள் ஒன்று வார்த்திகன் வழக்கு. அவன் மகன் தட்சிணாமூர்த்தி பராசரனிடம் பெற்ற அணிகலன்களைப் பூண்டிருந்தான். அரசனின் ஏவலாளர், இது புதையலைக் கவர்ந்த பொருள் எனக் கருதி வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அரற்றினாள். ஐயை கோயிற் கதவு திறவாதாயிற்று. அதுகண்ட பாண்டியன் காரணம் வினவி, பிழை உணர்ந்து, வார்த்திகனை விடுவித்துத் திருத்தங்காலும் வயலூரும் அளித்தான். மற்றொன்று சங்கமன் வழக்கு. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்திற்கு வாணிகம் செய்யச் சென்ற சங்கமனை ஒற்றன் எனப் பரதன் பொய்கூறிக் கொல்வித்தான். அவன் மனைவி நீலி பதினான்கு நாள் முறையிட்டுத் திரிந்து, மலையேறி வீழ்ந்து உயிர் துறந்தாள். அப்பரதனே மறுபிறப்பிற் கோவலன் ஆனான் என்கின்றது தெய்வம்.

மூன்று வழக்குகளையும் ஒருங்கே வைத்துக் காண்க. மூன்றிலும் பொய்யான அல்லது பிழையான குற்றச்சாட்டு. மூன்றிலும் அரசன் பெயரால் நேர்ந்த தண்டம். மூன்றிலும் முறையிடும் மனைவி. வார்த்திகன் வழக்கில் அரசன் காலத்தே மறுமுறை எண்ணினான், ஓருயிர் பிழைத்தது. சங்கமன் வழக்கில் எவரும் மறுமுறை எண்ணவில்லை. கோவலன் வழக்கில் எண்ணினார்கள், காலம் கடந்துவிட்டது. இடையிற் செருகப்பட்டதெனக் கருதப்படும் வார்த்திகன் கதை நீக்கப்படின், நெடுஞ்செழியன் செய்திருக்கக் கூடியது யாது என்பதைக் காட்டும் ஒரே சான்று காப்பியத்தினின்று நீங்கிவிடும். குலப்பெருமை கூறுதல் போலத் தோன்றும் இப்பகுதியே அரசன் மேல் உள்ள குற்றத்தை மிகக் கூர்மையாக்குகின்றது. அவன் குலத்தார் ஒருவர் செய்ததை அவன் செய்யவில்லை.

(உ) வஞ்சிக் காண்டம்

வஞ்சிக் காண்டத்தின் ஏழு காதைகளிலும் மறுகூற்றுகள் மிகுதி. இக்காண்டம் பிற்சேர்க்கையோ என ஐயுற்றார்க்கு இம்மிகுதியும் ஒரு காரணமாயிற்று. அடியார்க்கு நல்லார் உரை இக்காண்டத்திற்குக் கிடைக்காமையின், அவ்வுரையின் துணையின்றியே இதனைக் கற்க வேண்டியுள்ளது.

காட்சிக் காதையில் மலைவாழ் மக்கள் செங்குட்டுவனிடம், ஒரு முலை இழந்தாள் ஒருத்தி வேங்கை நிழலில் நின்றதையும் கணவனுடன் விண்ணேகியதையும் சொல்லுகின்றனர். அவர் அறிந்தது முடிவு. காரணம் அவர் அறியார். உடனிருந்த சாத்தனார் மதுரையில் நிகழ்ந்ததை எடுத்துரைக்கின்றார். பாதிக் கணக்கு மலையினின்று வருகின்றது. மறுபாதி நகரினின்று வருகின்றது. இரண்டும் கூடிய பின்னரே தேவியை வினவுதலும், கல் கொணர்தற்கு வடதிசை செல்லத் துணிதலும் நிகழ்கின்றன. படிப்பவர் முழுவதும் அறிந்தவராயினும், வஞ்சி நகரில் எவரும் முழுவதும் அறிந்தவராக இருந்திலர்.

நீர்ப்படைக் காதையில் மாடலன் மீண்டும் தோன்றுகின்றான். கோவலனின் தந்தை செல்வத்தைத் துறந்தமை, தாய் உயிர் நீத்தமை, கண்ணகியின் தந்தை துறவு பூண்டமை, தாய் மாய்ந்தமை, மாதரி எரியிற் புகுந்தமை, கவுந்தி உண்ணா நோன்பால் உயிர் விட்டமை, மாதவி மகளைத் துறவிற் செலுத்தியமை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுகின்றான். இவை முன்னர்ச் சொல்லப்படாத செலவுகள். ஓர் அரசனின் விரைந்த சொல்லுக்கு எத்தனை மனைகள் விலை கொடுத்தன என்னும் கணக்கு இங்கேதான் முடிகின்றது. இதே காதையில் அரசன் தன் நிறைக்கு ஒத்த பொன்னாக ஐம்பது துலாம் மாடலனுக்கு அளிக்கின்றான். வஞ்சி நீங்கி முப்பத்திரண்டு திங்கள் ஆயின எனக் கணியன் எண்ணிக் கூறுகின்றான். எண்ணலும் எடுத்தலும் உரைத்தலும் ஒரு காதையில் ஒருங்கு நிற்கின்றன.

மாடலன் தரும் பட்டியலில் ஒரு பதிவு மட்டும் நெஞ்சை உறுத்துவது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினிக்காகப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரு பகலில் பலியிட்டான் என்பது அது. காப்பிய முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரையும் இதனைச் சொல்லுகின்றது. ஒருவன் பொய்க்கு ஆயிரவர் உயிர் ஈடாகுமா? ஒவ்வொருவரும் குற்றவாளியா என எவரும் எண்ணிப் பார்த்தாரல்லர். கோவலனுக்கு நேர்ந்தது போன்றதொரு கொடுமை ஆயிரம் மடங்காக மீண்டும் நேர்கின்றது. இது முறைவழங்கல் எனப் போற்றுவார் போற்றுக. மறுமுறை எண்ணாமையின் விளைவைக் காட்டிய காப்பியத்துள் இப்பதிவு கறையாகவே நிற்கின்றது. இதனை மறைத்தலும் மெலித்தலும் திறனாய்வாளர்க்குத் தக்கன அல்ல.

6. ஒரு தடை

ஈண்டு ஒரு தடை எழக்கூடும். பழம்பிறப்பின் வினையே கோவலன் இறப்பிற்குக் காரணம் எனின் அரசன் பிழை எவ்வாறு பிழையாகும்? தெய்வம் கூறும் கணக்கும் கண்ணகி கூறும் கணக்கும் முரணுமாயின் அது மாறுகொளக் கூறல் என்னும் வேறொரு குற்றமாகாதா?

காப்பியம் இவ்விரு கணக்குகளையும் ஒன்றாகக் கூட்டித் தருவதில்லை. வழக்குரை காதையில் அரசன் தன் பிழையை முழுதும் ஏற்று உயிர் விடுகின்றான். ஊழின் மேற் பழியை ஏற்றும் சொல் அவன் வாயில் வரவில்லை. தெய்வம் வினைப்பயனை உரைப்பது அதற்குப் பின்னரே. உரைப்பதும் கண்ணகியிடமே, அரசனிடம் அன்று. துயருற்றவள் தன் துயருக்குக் காரணம் தேடுதல் ஒரு கணக்கு. முறை செய்யவேண்டியவன் தன் செயலுக்குப் பொறுப்பேற்றல் வேறொரு கணக்கு. எவர்க்கு எது உரைக்கப்படுகின்றது என்பதை நோக்காது இரண்டையும் ஒன்றாக்கின் முரண் தோன்றும், நோக்கின் தோன்றாது. ஆசிரியர் கேட்பவரை வேறுபடுத்தி அமைத்த திறமே இம்முரணைத் தீர்க்கும் வழி.

7. முடிபு

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று.

ஒன்று: சொல்லுதலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்கத்தக்கன அல்ல. ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்பார் நிகண்டு வரிசையினின்று செவிக்கு இனியதைத் தேர்தல் போதாது. விடையாகச் சொல்லுதல் செப்பல். இடித்துச் சொல்லுதல் கழறல். துயரத்தாற் பலகாற் சொல்லுதல் பன்னுதல். அறிந்தார் முன் சரிபார்த்தற்காகச் சொல்லுதல் ஒப்புவித்தல். எவர், எவர்க்கு, எதன் பின், எதன் பொருட்டுச் சொல்லுகின்றார் என்னும் நான்கையும் கேட்ட பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும்.

இரண்டு: மீளச் சொல்லுதலையும் மீள எண்ணுதலையும் ஒரே சொல்லாற் பிணைக்கும் வழக்கு தமிழிற் பெருவழக்காக இல்லையாயினும், அப்பிணைப்பின் பொருளை நம் முதற்காப்பியம் தன் கட்டமைப்பிலேயே கொண்டுள்ளது. சிலப்பதிகாரத்தின் மறுகூற்றுகள் ஒவ்வொன்றும் முடிந்துபோன ஒரு கணக்கை மீண்டும் திறக்கின்றன.

மூன்று: வழக்குரை காதையை மட்டும் பாடமாக வைத்து, அடைக்கலக் காதையின் நற்செயற் பட்டியலையும் கட்டுரை காதையின் கிளைக்கதைகளையும் வஞ்சிக் காண்டத்தின் மறுகூற்றுகளையும் விடுத்தல், வழக்கின் தீர்ப்பை மட்டும் படித்துச் சான்றுகளைத் தள்ளிவிடுதல் போன்றதாகும். முதுகலை மாணவர் இப்பகுதிகளைத் தாமே ஒருங்கு வைத்துக் கற்றல் நலம். முன்னர்ச் சொன்னதுதானே என்று கடந்துபோகத் தோன்றும் இடங்களில் சற்றே நின்று, கணக்கில் யாது மாறிற்று எனக் கேட்டல் வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியன் கேளாது விட்ட வினா அது ஒன்றே.